பழைய கம்ப்யூட்டருக்கு 'ஒரு வருட லைசென்ஸ்' விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய, யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் என்ற இயங்குதளத்தை (ஓஎஸ்), லைசென்ஸ் என்ற பெயரில் என் அத்தையிடம் 4,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். வருடா வருடம் 1,200 ரூபாய் கட்டி அதைப் புதுப்பிக்கவும் வேண்டுமாம். விண்டோஸ் 10 விஷயத்தில் எல்லோரும் குழம்பிப் போயிருக்கும் நேரம் இது, இன்னும் பலரிடம் இதே கதையைச் சொல்வார்கள். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அத்தை தாலுகா ஆபீஸ் பக்கத்தில் மனு டைப் அடித்துக் கொடுக்கிறார். பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என்று நாள் முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கும். அவருடைய கம்ப்யூட்டர் மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், பழைய 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ரொம்ப மெதுவாக இருக்கிறதே என்று சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். "அக்கா, விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு, இனிமே ஓடாது. இந்த மெஷின்ல 11 ஏறாது. வேற ஓஎஸ் போட்டுத் தர்றேன், புதுசு மாதிரி பறக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதில் பாதிதான் உண்மை. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். ஆகவே அத்தையின் மெஷினுக்கு 11 பொருந்தாது என்பது சரி. 'இனிமே ஓடாது' என்பது சுத்தப் பொய். ஆதரவு முடிந்தால் பாதுகாப்பு அப்டேட் வராது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் நின்றுபோகாது. அந்த அப்டேட்டுகளைக்கூட வீட்டுப் பயனர்கள் மேலும் ஒரு வருடம், அதாவது 2026 அக்டோபர் வரை, பெற மைக்ரோசாஃப்டே வழி கொடுத்திருந்தது. அத்தையிடம் இதை யாரும் சொல்லவில்லை.

மெஷின் திரும்பி வந்தபோது திரை முழுக்கக் கடையின் பெயர், கீழே 'ப்ரோ எடிஷன்' என்ற எழுத்து. கூடவே ஏடிஎம் கார்டு அளவில் ஒரு அட்டை, அதில் நீளமாக ஒரு 'கீ', காலாவதி தேதி. நான் ஊருக்குப் போனபோது சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பார்த்தேன். லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ. அதாவது லினக்ஸின் இலவச வகைகளில் ஒன்றான மின்ட், அதிலும் பழைய மெஷினுக்கு ஏற்ற இலகுவான பதிப்பு. வால்பேப்பரைத் தவிர எதையும் மாற்றியிருக்கவில்லை. அந்த கீயை உள்ளிட இடமே கிடையாது, ஏனென்றால் மின்ட் யாரிடமும் கீ கேட்பதில்லை.

மின்ட் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 4 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷினுக்கு நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். போட்டுக் கொடுத்த வேலைக்குக் கூலி வாங்குவதும் தப்பில்லை. எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயங்களில்.

முதலாவது, பாஸ்வேர்டு. அத்தைக்கு நிர்வாகி உரிமை இல்லாத கணக்கு ஒன்றை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அப்டேட் போடவோ புதிதாக ஒரு சாஃப்ட்வேர் நிறுவவோ போனால் கடையின் பாஸ்வேர்டைக் கேட்கிறது. போன் செய்து கேட்டேன். "அது கம்பெனி பாலிசி சார், மெஷினைக் கொண்டு வாங்க, சர்வீஸ் சார்ஜ் தனி" என்றார்கள். காசு கொடுத்து வாங்கிய சொந்த மெஷினுக்கு அத்தை வாடகைக்காரர் ஆகிவிட்டார்!

அடுத்தது, எழுத்துரு. அத்தையின் பழைய மனு மாதிரிகள் எல்லாம் வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்தவை. அவை எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில் அமைந்தவை அல்ல, அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பு முழுக்க ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத்தான் தெரியும். கடைக்காரர்கள் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் காப்பி எடுத்துவிட்டு மொத்த டிஸ்கையும் ஃபார்மட் செய்துவிட்டார்கள். விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரும் அதோடு போயிற்று. வாரிசுச் சான்றிதழ் மாதிரியைத் திறந்த அத்தை, பல வருட உழைப்பு அழிந்துவிட்டதென்று நினைத்து அழுதிருக்கிறார். கோப்புகள் பத்திரமாகத்தான் இருந்தன. அதைச் சொல்லக்கூட அந்தக் கடையில் ஆள் இல்லை. தெரிந்த இன்னொரு டைப்பிங் சென்டரிலிருந்து எழுத்துருக்களை வாங்கிப் போட்டதும் எல்லாம் படிக்க முடிந்தது.

அப்புறம் பிரிண்டர். அத்தையிடம் இருப்பது கேனான் எல்பிபி 2900. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் இன்றும் உழைக்கும் நல்ல பிரிண்டர், ஆனால் லினக்ஸில் அதை ஓட வைப்பது பெரும்பாடு என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஹெச்பி மாடல்கள் பலவும் லினக்ஸில் செருகியதும் வேலை செய்யும், இது செய்யாது. மனு அடித்துப் பிழைக்கும் ஒருவரிடம் 'என்ன பிரிண்டர் வைத்திருக்கிறீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? வேலை முடங்கி, வந்த ஆட்களை எல்லாம் எதிர்க்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் அத்தை.

இவ்வளவும் செய்தும் வேகம் கூடவில்லை. மெதுவாக இருந்ததற்குக் காரணம் அந்தப் பழைய ஹார்டு டிஸ்க். அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்கை மாற்றியிருந்தால் விண்டோஸிலேயே வித்தியாசம் தெரிந்திருக்கும். இப்போது எஸ்எஸ்டி போட்டு, அன்றாட வேலைக்கு மின்ட், பிரிண்டருக்காக மட்டும் இன்டர்நெட் இல்லாத விண்டோஸ் 10 என்று இரண்டையும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். முன்பிருந்த விண்டோஸின் உரிமம் அந்த மதர்போர்டோடு பதிவாகியிருந்ததால் மறுபடி போட்டபோது தானாகவே ஆக்டிவேட் ஆனது. தமிழ் அடிக்க மின்டிலேயே தமிழ்99 விசைப்பலகை முறையை வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் மாற்றப் போகிறீர்கள் என்றால், பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மின்ட், லுபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் டிஸ்கைத் தொடாமல் அப்படி ஓடும். உங்கள் பிரிண்டரைச் செருகி ஒரு பக்கம் அச்செடுங்கள், வைஃபை பிடிக்கிறதா பாருங்கள். ஒத்துவராது என்றால் பென்டிரைவை உருவிவிட்டுப் பழையபடி வேலை செய்யலாம். இதைச் செய்ய மறுக்கும் கடையில் மெஷினை விட்டுவிட்டு வராதீர்கள். 'குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் போட்டால் பிளே ஸ்டோர் ஆப் எல்லாம் வரும்' என்று சொன்னாலும் நம்பாதீர்கள், அது பழைய மெஷின்களுக்காக கூகுள் தரும் ஓஎஸ், அதில் பிளே ஸ்டோர் கிடையாது. நிர்வாகி பாஸ்வேர்டை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

அத்தையிடம் இருந்தது அந்த அட்டையும் கையெழுத்து இல்லாத ஒரு துண்டுச் சீட்டும்தான். ஜிபே செய்த பதிவு இருப்பதால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறோம். உங்களிடமும் இப்படி ஓர் அட்டை இருந்தால் புதுப்பிக்கப் பணம் கட்டாதீர்கள். அதிலிருக்கும் தேதி தாண்டினாலும் உங்கள் லினக்ஸ் நிற்காது.