மியூராவா, கூன்டாஷா?

இரண்டுமே லம்போர்கினி கார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தது பெர்டோனே என்ற கார் வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்த மார்செல்லோ காந்தினி, ஆரம்பத்தில் இரண்டிலும் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் 3.9 லிட்டர் வி12 (12 சிலிண்டர்) எஞ்சின். ஒற்றுமை அவ்வளவுதான்.

1966-இல் ஜெனீவா கண்காட்சிக்கு வந்த மியூராவில் எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸையும் அதே வார்ப்பில் சேர்த்துவிட்டார்கள். இடம் மிச்சம்தான், ஆனால் இரண்டுக்கும் ஒரே ஆயில், கியர் தேய்ந்து உதிரும் இரும்புத்தூள் எஞ்சினுக்குள்ளும் சுற்றும் (மியூராவின் எஸ்வி ரகத்தில், அதுவும் பிற்கால வண்டிகளில்தான் ஆயிலைப் பிரித்தார்கள்). பெட்ரோல் டேங்க் முன்பக்கம். அது காலியாகக் காலியாக, வேகத்தில் மூக்கு லேசாகத் தூக்கும். அழகில் மட்டும் அதன் பக்கத்தில் எதுவும் நிற்காது.

பொறியியலுக்கு என் ஓட்டு 1974-இல் விற்பனைக்கு வந்த கூன்டாஷுக்கு. லம்போர்கினியின் பொறியாளர் பாவ்லோ ஸ்டான்சானி எஞ்சினை நீளவாக்கில் திருப்பி, கியர்பாக்ஸை அதற்கு முன்னால், இரு சீட்டுகளுக்கு நடுவே கொண்டுவந்தார். அங்கிருந்து ஒரு தண்டு எஞ்சினின் ஆயில் தொட்டிக்குள்ளேயே நுழைந்து பின் சக்கரங்களுக்குப் போகும். கியர் லீவர் கியர்பாக்ஸ் மேலேயே நிற்பதால் இடையில் நீண்ட கம்பிகளின் தொல்லை இல்லை.

சரி, பின்பக்கம் சரியாகத் தெரியாத கூன்டாஷை ரிவர்ஸ் எடுக்க? கதவை மேலே தூக்கிவிட்டு, வாசல் விளிம்பில் உட்கார்ந்து, பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியதுதான்.