அயனித் திரவக் கலவைகளை அழுத்த வாயுவால் பிரித்தல்: நெடுநாள் பயன்படுத்திய பிறகு

அயனித் திரவம் (அயனிகளால் மட்டுமே ஆன, அறை வெப்பநிலையை ஒட்டியே திரவமாக இருக்கும் உப்பு) கலந்த கரைசலை அழுத்தமேற்றிய கார்பன் டை ஆக்சைடு கொண்டு பிரிக்கும் அமைப்பை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அயனித் திரவத்தோடு கலந்திருக்கும் மற்றப் பொருளின் கொதிநிலை என்ன? மெத்தனால், அசிட்டோன் என்று பதில் வந்தால், வெற்றிடத்தில் குடுவையைச் சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கும் சுழல் ஆவியாக்கியே போதும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அயனித் திரவம் சாதாரண வெப்பநிலையில் ஆவியாவதே இல்லை எனலாம். இளஞ்சூடும் வெற்றிடமும் கொடுத்தால் கரைப்பான் கிளம்பிவிடும், அயனித் திரவம் குடுவையிலேயே கிடக்கும். அந்த வேலைக்கு 80 பார் (காற்றழுத்தத்தைப்போல் சுமார் 80 மடங்கு) அழுத்தத்தைக் கட்டி மேய்ப்பது வீண். பல ஆண்டுகள் இந்த முறையோடு புழங்கியவன் சொல்கிறேன். இதன்மீது எனக்கு மனக்கசப்பு ஏதுமில்லை. இது தேவைப்படும் இடம் வேறு.

கொதிநிலை மிக உயர்ந்த விளைபொருள், சூடு பட்டால் சிதையும் பொருள், அயனித் திரவத்தில் கரைந்திருக்கும் விலை உயர்ந்த உலோக வினையூக்கி: இவை வரும்போதுதான் வாயு தன் திறமையைக் காட்டுகிறது.

இதன் அடித்தளம் 1999இல் ஜோன் பிரென்னெக்கே, எரிக் பெக்மன் குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்ட கண்டுபிடிப்பு. கார்பன் டை ஆக்சைடு அயனித் திரவத்துக்குள் தாராளமாகக் கரைகிறது. அயனித் திரவமோ அந்த வாயுவில் அளக்கத்தக்க அளவுக்குக்கூடக் கரைவதில்லை. அயனித் திரவத்தில் கரைந்த நாப்தலீனை அவர்கள் அப்படித்தான் கறைபடாமல் வெளியே எடுத்தார்கள். அயனித் திரவமும் மெத்தனாலும் ஒன்றாகக் கலந்த கரைசலையே வாயு அழுத்தத்தால் இரண்டாகப் பிரிக்கலாம் என்பதை 2002இல் பிரென்னெக்கே குழு காட்டியது. அடுத்த ஆண்டே தண்ணீரிலிருந்தும் பிரித்துக் காட்டினார்கள்.

கருவியின் சஃபயர் சன்னல் வழியாகப் பார்த்தால் நடப்பது தெளிவாகத் தெரியும். 40 டிகிரி செல்சியஸில் மெத்தனால் கரைசலுக்குள் வாயுவைச் செலுத்தச் செலுத்தத் திரவ மட்டம் உயர்ந்துகொண்டே வரும். கரைப்பான் வாயுவை உள்வாங்கி உப்புகிறது. அப்படி உப்பிய கரைப்பானுக்கு அயனிகளைப் பிடித்துவைக்கும் வலு குறைகிறது. 70 பாரை ஒட்டிக் கரைசல் சட்டென்று கலங்கும். கலக்கியை நிறுத்தியதும் நுண்துளிகள் இறங்கி அடியில் சேரும். அடியில் அயனித் திரவம், நடுவில் கரைப்பான், மேலே வாயு என்று மூன்று அடுக்குகள். மேலும் அழுத்தினால் 82 பார் வாக்கில் நடு அடுக்குக்கும் வாயுவுக்கும் இடையிலான கோடு மங்கி மறைந்துவிடும். அடியில் அயனித் திரவம் மட்டும் தனியே நிற்கும். இரண்டு திரவங்களும் நிறமற்றவை என்றால் எல்லைக்கோட்டைக் கண்டுபிடிப்பது கண்ணுக்குத் தண்டனை. அயனித் திரவத்தில் மட்டும் தங்கும் சாயம் ஒரு துளி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோடு மறைந்துவிட்டதால் மேலே இருப்பது தூய்மையானது என்று நம்பிவிடக் கூடாது. தனி வாயுவில் கரையாத அயனித் திரவம், அந்த வாயுவோடு மெத்தனாலோ அசிட்டோனோ கணிசமாகக் கலந்திருந்தால் கொஞ்சம் கரையும். கரைப்பானின் முதுகில் ஏறி வெளியேறியும் விடும். புது வாயுவை விட்டுக் கரைப்பானை நீர்க்கச் செய்தால்தான் அது மீண்டும் கீழே இறங்கும். விளம்பரப் படங்களில் இந்தப் படி இருப்பதில்லை.

அழுத்தம் ஏற்றுவது எளிது, இறக்குவதுதான் கலை. அடி அடுக்கிலிருந்து மாதிரி எடுக்க வால்வைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் போதும், கரைந்திருந்த வாயு சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் பொங்கி, குழாய் முழுக்க நுரை ஏறும். அந்த நுரையை அளந்து வரும் எண்ணுக்கும் உள்ளே இருந்த கலவைக்கும் சம்பந்தமே இருக்காது. வெளியேறும் குழாய் வேறு உறைந்துபோகும். கார்பன் டை ஆக்சைடு 5.2 பாருக்குக் கீழே திரவமாக இருக்க முடியாது. வாயுவாகும், இல்லையென்றால் உலர்பனியாகும். வால்வு வாயில் அந்தப் பனி அடைத்துக்கொண்டால் அழுத்தமானி ஒன்றைச் சொல்லும், பாத்திரம் வேறொன்றைச் சொல்லும். வால்வைச் சூடேற்றும் பட்டை கூடுதல் வசதி அல்ல, அத்தியாவசியம். விலைப்பட்டியலில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த தொல்லை ஓ-ரிங், அதாவது இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். ஃபுளோரோ ரப்பர் வளையம் அழுத்தத்தில் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். வேகமாக அழுத்தத்தை இறக்கினால் உள்ளிருக்கும் வாயு வெடித்துக் கிளம்பி, வளையத்தின் மேல் கொப்புளங்களும் பிளவுகளும் தெரியும். பார்வைக்கு நன்றாக இருக்கும் வளையமும் நகத்தால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். அதை அப்போதே தூக்கி எறிந்துவிட வேண்டும். எங்களுக்குக் கருவி தந்த நிறுவனம் உத்தரவாதத்தில் வளையங்கள் அடங்காது என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. ஓடாத பம்பைவிட ஒழுகும் வளையத்தால் நின்ற நாட்களே அதிகம்.

பம்பின் தலையைக் குளிர்விக்காவிட்டால் உள்ளே திரவம் ஆவியாகி, பம்ப் வெறுமனே உதைத்துக்கொண்டிருக்கும். சிலிண்டரின் அழுத்தமானியை நம்பி இருப்பைக் கணக்கிடுவதும் பயனற்றது: உள்ளே திரவம் இருக்கும்வரை 20 டிகிரியில் அது சுமார் 57 பார் என்றே காட்டிக்கொண்டிருக்கும், பிறகு திடீரென்று விழும். எடை போட்டுப் பார்ப்பதே வழி.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அலட்சியமாக அல்ல. காற்றில் கார்பன் டை ஆக்சைடுக்கு, எட்டு மணி நேர வேலைக்குப் பல நாடுகளில் ஏற்கப்பட்ட வரம்பு 5000 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 5000 பங்கு); 40,000 பி.பி.எம் என்பது உயிருக்கே ஆபத்தான அளவு. இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் உணரி முகத்தின் உயரத்துக்கும் கீழே இருக்க வேண்டும்.

அயனித் திரவத் தேர்வில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் வகையை நீர் கலந்த வேலைக்கு எடுப்பதே இல்லை. ஈரமும் சூடும் சேர்ந்தால் அது சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடை விடும். கண்ணாடியை அரிக்கும் அமிலம் அது. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டும் சூழலில் அந்த ஆபத்தை விலைக்கு வாங்குவானேன்? பிஸ்(ட்ரைஃபுளோரோமெத்தில்சல்ஃபோனைல்)இமைடு வகை விலை அதிகம்தான், ஆனாலும் நிம்மதி.

தண்ணீரிலிருந்து பிரிக்க மட்டும் என்றால் போட்டியாளர் ஒருவர் இருக்கிறார்: பொட்டாசியம் பாஸ்பேட். அந்த உப்பை நிறையப் போட்டால் நீரில் முழுதாகக் கரையும் அயனித் திரவமும் தனி அடுக்காக எழும்பும் என்று 2003இல் ராபின் ரோஜர்ஸ் குழு காட்டியது. அழுத்தப் பாத்திரம் வேண்டாம், பம்பும் வேண்டாம். ஆனால் போட்ட உப்பு அங்கேயே இருக்கும். அதை அகற்றும் வேலை அடுத்த ஆளின் தலையில் விழும். வாயுவோ வால்வைத் திறந்தால் போய்விடுகிறது, பிரிந்த திரவங்களும் மீண்டும் கலந்துகொள்ளத் தயாராக இருக்கின்றன. இந்த மீள்தன்மைக்குத்தான் நான் பணம் கொடுக்கிறேன்.

அதனால் இப்போது எங்கள் கருவி பெரும்பாலும் வினையூக்கி வேலைக்குத்தான் ஓடுகிறது. வினையூக்கியான ரோடியம் உலோகச் சேர்மம் (அணைவு) அயனித் திரவத்தில் கரைந்திருக்கும். வினை முடிந்ததும் வாயு விளைபொருளை மேலே தூக்கிச் செல்லும். வேறொரு பாத்திரத்தில் அழுத்தத்தை இறக்கினால் விளைபொருள் சொட்டும். கீழே நிற்கும் அயனித் திரவத்துக்குள் அடுத்த தொகுதியை நேரே ஊற்றலாம். மேலே போன பொருளில் ரோடியம் எவ்வளவு கசிந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு தொகுதிக்கும் அளந்து பார்க்கிறோம். அந்த எண் ஏறத் தொடங்கும் நாளில்தான் அயனித் திரவத்தை மாற்றுகிறோம். மெத்தனால் கரைசலோடு வருபவர்களுக்கு ஆவியாக்கி இருக்கும் அறையைக் கை காட்டிவிடுகிறேன்.