ஃபெசன்ட் வேட்டை: எதிர்முனையில் ஆள் நிறுத்துவதா, எல்லோரும் வரிசையாக நடப்பதா?

எங்கள் ஆறு பேர் கூட்டத்தில் இந்த வாக்குவாதம் அக்டோபர் வந்தால் தவறாமல் வரும். அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்தில் ஃபெசன்ட் (கோழி இனத்தைச் சேர்ந்த, நீண்ட வால் பறவை) வேட்டைப் பருவம் அந்த மாதம் மூன்றாவது சனிக்கிழமை திறக்கும், ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 சேவல்தான் கணக்கு, பெட்டையைச் சுடக்கூடாது. வயலின் மறுமுனையில் இரண்டு மூன்று பேரை மறிப்பதற்கு நிறுத்திவிட்டு மற்றவர்கள் இந்தப் பக்கமிருந்து பறவைகளை விரட்டிக்கொண்டு போவதா, இல்லை யாரையும் எதிரே நிறுத்தாமல் எல்லோரும் நாய்களோடு ஒரே வரிசையில் நடப்பதா என்பதுதான் தகராறு. நான் வரிசைக் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது எங்கள் கூட்டமும் பெரும்பாலும் அப்படித்தான் போகிறது.

ஆரஞ்சு மேலங்கியும் தொப்பியும், வேலி தாண்டும்போது துப்பாக்கியில் தோட்டா இல்லாமல் இருப்பது, தாழப் பறக்கும் பறவையை விட்டுவிடுவது எல்லாம் இரண்டு முறைக்கும் பொது. அதில் பேச ஒன்றுமில்லை.

ஆள் நிறுத்துகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஃபெசன்ட் அவ்வளவு சுலபமாகப் பறக்காது, ஓடும். மனிதச் சத்தம் கேட்டால் மக்காச்சோள வரிசைக்குள் புகுந்து மறுமுனை வரை ஓடி, புதர் முடிகிற இடத்தில் நின்று யோசித்து, அப்போதுதான் எழும்பும். அங்கே ஆள் நின்றால் வேறு வழியில்லாமல் மேலே வரும். ஆள் இல்லாவிட்டால் அப்படியே அடுத்த வயலுக்கு நடந்து போய்விடும். பெரிய வயல், பத்துப் பதினைந்து பேர் என்றால் அந்த ஊர்க்காரர்கள் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள்.

எனக்குச் சிக்கல் கடைசி நூறு கஜத்தில்தான். தொடக்கத்தில் இரண்டு குழுவுக்கும் நடுவே கால் மைல் இருக்கும், பயமில்லை. நடக்க நடக்க அது சுருங்குகிறது. பறவைகளில் பெரும்பகுதி எழும்புவதோ அந்த இடைவெளி மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில், அதாவது எல்லோருடைய துப்பாக்கியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்போது. நம்பர் 6 அளவு ஈய ரவையை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளை) நம்பிச் சுட 40 கஜம் வரைதான் முடியும், ஆனால் அது ஓய்ந்து தரையில் விழ 200 கஜத்துக்கு மேல் போகும். தொலைவிலிருந்து வருவது சோளத்தாளில் சடசடவென்று விழும், தடித்த சட்டையில் பட்டால் உறைக்காது, ஆனால் கண்ணில் பட்டால் போச்சு. அறுபது எழுபது கஜத்துக்குள் வந்துவிட்டால் சட்டையும் உதவாது. எதிரே நிற்பவர் சும்மா நிற்பாரா என்றால் அதுவும் இல்லை, நன்றாகத் தெரியவில்லையே என்று பத்து அடி இந்தப் பக்கம் நகர்ந்திருப்பார். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் சோளத்துக்குள்ளிருந்து வருகிறவருக்கு அது தெரியாது. சேவல் கொக்கரித்துக்கொண்டு காலடியிலிருந்து வெடித்துக் கிளம்பும் அந்த இரண்டு நொடியில், பறவைக்குக் கீழே வானம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுச் சுடுங்கள் என்பார்கள். சரி, நல்ல விதிதான். ஆனால் ஆறு பேரும் ஒவ்வொரு முறையும் அதைக் கடைப்பிடித்தால்தான் எதிரே நிற்பவருக்குப் பாதுகாப்பு. எதிரே ஆளே இல்லையென்றால் முன்பக்கத்துக்கு அந்தக் கவலையே வேண்டாம்.

வரிசை முறையில் ஆளுக்கு ஆள் 20 முதல் 40 கஜம் இடைவெளி, ஒவ்வொருவருக்கும் நேர் முன்னே சுமார் 45 டிகிரி, அவ்வளவுதான் அவர் பங்கு. ஓரத்தில் இருப்பவர் மட்டும் வெளிப்பக்கமும் சுடலாம். வேட்டைப் பாடத்தில் ஒரு வரிசைக்கு மூன்று பேர் போதும் என்பார்கள், அதனால் நாங்கள் ஆறு பேரும் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு வயலுக்குப் போகிறோம். புதிதாக வருபவரை நான் ஓரத்தில் போடச் சொல்வேன், ஒரு பக்கம்தான் மனிதர்கள் என்பதால். வலதுகைக்காரருக்குத் துப்பாக்கி இடப்பக்கம் சுலபமாகத் திரும்பும், அதனால் இடதுகைக்காரர் யாராவது இருந்தால் வலது ஓரம் அவருக்கு.

பறவை தப்பாதா? தப்பும், சில சமயம் எரிச்சல் வரும் அளவுக்கு. ஆனால் பாதியை மீட்கலாம். உழுத வெற்று நிலத்திலோ குட்டையிலோ போய் முடிகிற மாதிரி நடையைத் திட்டமிட்டால் பறவை வெட்டவெளியில் ஓடத் தயங்கி ஓரத்திலேயே பதுங்கும். கடைசி ஐம்பது கஜம் மெதுவாக, நின்று நின்று, நாயைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு போக வேண்டும். நாம் சும்மா நிற்பதுதான் பறவைக்குத் தாங்காது. நாம் நின்று அரை நிமிடம் ஆனதும் எழும்பிய சேவல்கள் நிறைய.

வரிசையிலும் ஓட்டை இருக்கிறது, அது பின்பக்கம். 2006 பிப்ரவரி 11 அன்று டெக்சாஸ் ஆர்ம்ஸ்ட்ராங் பண்ணையில் காடை வேட்டையில் அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி, தன் கூட்டத்திலேயே வந்த வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டனைச் சுட்டதை நினைத்துப் பாருங்கள். மறிப்பதற்கு ஆளே நிறுத்தாத வேட்டை அது. விட்டிங்டன் விழுந்த பறவையை எடுக்கப் போய்விட்டுப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தார், செனி பறவையோடு சேர்ந்து அந்தப் பக்கம் திரும்பினார். ஆரஞ்சு அணிந்திருந்தும் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் ரவை. அதனால் எங்களுக்கு ஒரே சட்டம்: பறவை விழுந்தால் வரிசை முழுவதும் நிற்க வேண்டும், எடுத்தவர் தன் இடத்துக்குத் திரும்பிக் கை தூக்கிய பிறகுதான் அடுத்த அடி. பின்னால் திரும்பும் பறவை யாருக்கும் கிடையாது.

நான் அதிகம் நடந்தது புல்வெளியிலும் சோளப் பட்டைகளிலும்தான். அகலமான மக்காச்சோள வயலில் இருபது பேரோடு போகும் வேட்டைக்கு என் கணக்கு பொருந்துமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஜனவரியில் பனி விழுந்து, சம்பங்கோரைக்குள் ஒளிந்திருக்கும் அனுபவசாலிச் சேவல்கள் கார்க் கதவுச் சத்தத்துக்கே கிளம்பும்போது வரிசை மட்டும் போதாது என்பதும் உண்மை. அப்போது நாங்களும் இரண்டு பேரை நிறுத்துகிறோம், ஆனால் நேர் எதிரே இல்லை, இரண்டு மூலைகளுக்கும் வெளியே தள்ளி, வேலிக்கம்பம் பார்த்து. அவர்கள் அந்தக் கம்பத்தை விட்டு நகரக்கூடாது, தங்களைத் தாண்டிப் போன பறவையைத்தான் சுடலாம். நடப்பவர்கள் அந்த மூலைகள் இருக்கும் பக்கம் கடைசி நூறு கஜத்தில் துப்பாக்கியைத் தூக்குவதே இல்லை.