எச்.பி.1 அல்ஃபா பிறபொருளெதிரி: சாமான் நல்லது, கூட வரும் தாளை நம்பாதீர்கள்

கலக்கருவிலுள்ள எச்.பி.1 அல்ஃபா என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் பிறபொருளெதிரி (அன்ரிபொடி) ஒன்று வாங்கினேன். முதலில் பெட்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியது வியாழன், வெள்ளி போயா (பௌர்ணமி) விடுமுறை, பிறகு சனி ஞாயிறு. திங்கள் பின்னேரம் முகவரின் பெடியன் எங்கள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து தந்தபோது ஐஸ் பையெல்லாம் உருகி வெதுவெதுப்பாகக் கிடந்தது. பெயர் வேண்டாம், ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு கலண்டரில் போயா பார்க்காதவர்கள் குளிர்ச்சாமான் விற்க வரக்கூடாது. கிளிசரோல் கலந்த கரைசல், அதனால் தப்பிவிட்டது என்று நினைக்கிறேன்.

முயலில் எடுத்த பிறபொருளெதிரி. கூட வந்த தாளில் இந்தப் புரதத்தின் அமைவிடம் "கரு" என்று ஒற்றைச் சொல். வீடு எங்கே என்று கேட்டவனுக்குக் கொழும்பு என்று சொல்லி அனுப்புகிற மாதிரி இது, வெள்ளவத்தையா கொட்டாஞ்சேனையா என்று யார் சொல்வது? எச்.பி.1 அல்ஃபா கரு முழுக்க ஒரேமாதிரிப் பரவிக் கிடப்பதில்லை. டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதங்களில் ஒன்றான ஹிஸ்ரோன் எச்3இன் 9ஆவது அமினோ அமிலமான லைசினில் மூன்று மெதைல் கூட்டங்கள் ஏறிய இடத்தைப் பிடித்துக்கொண்டு, டி.என்.ஏ. இறுகச் சுருண்ட பகுதியான ஹெற்றரோகுரோமற்றினில்தான் அது குவியும்.

தாள் சொன்ன 1:100 ஐதாக்கலில் போட்டால் கரு மொத்தமும் பச்சை (பிறபொருளெதிரி ஒட்டிய இடம் பச்சையாக ஒளிரும்), ஒன்றும் பிரித்தறிய முடியாது. 1:500க்குப் போனதும் காட்சியே வேறு. சுண்டெலிக் கலங்களில், டி.என்.ஏ.யை நீலமாகக் காட்டும் டாப்பி சாயம் ஏற்கெனவே பளிச்சென்று சில பொட்டுகளைக் காட்டும், பல நிறமூர்த்தங்களின் மையப்பாத்துப் (சென்றோமியர்) பக்கங்கள் ஒன்றாகச் சேர்ந்த, அடினினும் தைமினும் மிகுந்த இடங்கள் அவை. நீலப் பொட்டின்மேல் பச்சைப் பொட்டு அப்படியே அச்சாக உட்கார்ந்ததைப் பார்த்தபோது போயாக் கோபம் பாதி போய்விட்டது. முயல் பிறபொருளெதிரியில் ஒட்டிப் பச்சையாக ஒளிரும் இரண்டாவது பிறபொருளெதிரியை மட்டும் தனியே போட்ட சிலைட்டில் கருமை மட்டும்தான், அதுவும் சரி. மனிதக் கலங்களில் இவ்வளவு அழகை எதிர்பார்க்க வேண்டாம், டாப்பியில் அந்தப் பெரிய பொட்டுகள் இல்லை, பச்சையும் சின்னச் சின்னப் புள்ளிகளாகத்தான் வரும்.

ஒரு இடத்தில் ஏமாந்தேன். இழையுருப்பிரிவில் (இரண்டாகப் பிரியும் நிலையில்) இருந்த கலமொன்றில் நிறமூர்த்தங்கள் நீலமாக வரிசையில் நிற்க, பச்சை கலம் முழுக்கக் கலைந்து கிடந்தது. சரி, சாமான் பழுதாகிவிட்டது என்று முகவருக்கு மின்னஞ்சல்கூட எழுதத் தொடங்கிவிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது: பிரிவின்போது அரோரா பி என்ற நொதியம் அதே எச்3இல் 9ஆவது லைசினுக்குப் பக்கத்திலிருக்கும் 10ஆவது செரினில் பொசுபேற்றை ஏற்றிவிடும், மெதைல் அப்படியே இருந்தாலும் எச்.பி.1இல் பெரும்பகுதி கழன்றுவிடும், மையப்பாத்தருகே கொஞ்சம்தான் தங்கும். 2005இலேயே வெளிவந்த விஷயம். ஆக, கலைந்து கிடந்ததுதான் பிறபொருளெதிரி சரியான புரதத்தைப் பிடிக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். மின்னஞ்சலை அழித்துவிட்டேன்.

நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்தத் தாளுக்காக, முகவருக்குக் கணக்கு வேறு.