யுபிஎஸ்ஸா, இன்வெர்ட்டரா, ஆன்லைன் யுபிஎஸ்ஸா? முதலில் அந்த ஸ்டிக்கரைப் படியுங்கள்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தபோது கடைக்காரர் "550 வாட் எஸ்எம்பிஎஸ் சார், 600 யுபிஎஸ் தாராளமா போதும்" என்றார். எஸ்எம்பிஎஸ் என்றால் கம்ப்யூட்டருக்குள் எல்லா பாகங்களுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. 550-ஐ விட 600 பெரிசுதானே என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். கேம் ஓடிக்கொண்டிருந்தபோது வந்த முதல் பவர் கட்டிலேயே அந்த யுபிஎஸ் 'பீ...' என்று ஒரே மூச்சாகக் கத்திவிட்டு, கம்ப்யூட்டரோடு சேர்ந்து தானும் படுத்துவிட்டது. மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய் செல்போன் வெளிச்சத்தில் ஸ்டிக்கரைப் பார்த்தால் 600 விஏ, பக்கத்திலேயே பொடி எழுத்தில் 360 வாட்.

விஏ என்பது வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது. வாட் என்பது அதில் உண்மையிலேயே வேலையாக மாறும் பங்கு. இரண்டுக்கும் நடுவில் உள்ள விகிதம்தான் பவர் ஃபேக்டர். பழைய எஸ்எம்பிஎஸ்களுக்கு அது 0.6, 0.65 என்று இருந்ததால், 0.6 கணக்கில் செய்த யுபிஎஸ்ஸும் அதுவும் ஜோடியாகப் பொருந்தின, விஏவை மட்டும் பார்த்து வாங்கினாலும் பிழைத்துக்கொண்டோம். இப்போது ஓரளவு நல்ல எஸ்எம்பிஎஸ் எல்லாமே ஆக்டிவ் பிஎஃப்சி, அதாவது பவர் ஃபேக்டரை ஒன்றுக்குப் பக்கத்தில் கொண்டுவரும் சர்க்யூட் உள்ளவை, பவர் ஃபேக்டர் 0.95-க்கு மேல். அதாவது கம்ப்யூட்டர் 385 வாட் இழுத்தால் விஏ கணக்கிலும் 400-ஐத்தான் தொடும். 600 விஏவில் இன்னும் 200 மிச்சம் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் 360 வாட் எல்லையை எப்போதோ தாண்டியிருப்போம்.

அந்த 385 வாட் என்ன கணக்கு என்றால், பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கி அளந்தது. என் கம்ப்யூட்டரும் மானிட்டரும் பிரௌசர் மட்டும் திறந்திருந்தால் 95 வாட், கேம் ஓடினால் 385. எஸ்எம்பிஎஸ் மேல் எழுதியிருக்கும் 550 அது அதிகபட்சம் கொடுக்கக்கூடிய அளவு, சுவரிலிருந்து எப்போதும் இழுக்கும் அளவு இல்லை. இதைத்தான் முக்கால்வாசிப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

சரி, யுபிஎஸ், இன்வெர்ட்டர், ஆன்லைன் யுபிஎஸ் மூன்றுக்கும் வருவோம். 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட் ஹவர். வேகமாக இறக்கினால் பேட்டரி முழுக் கொள்ளளவையும் தராது, பேட்டரியின் டிசி கரண்ட்டை ஏசியாக மாற்றும்போதும் கொஞ்சம் வீணாகும், கையில் நிற்பது ஏறக்குறைய பாதி. 95 வாட்டுக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். சேவ் செய்து மூட அது போதும். ஆபீஸ் வேலை, பில்லிங், பிள்ளைகள் படிப்பு என்றால் இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் 1100 விஏ, 660 வாட் மாடலைப் பாருங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போகும் கரண்ட் மதியம் தாண்டித்தான் வரும் ஊரில் இந்தக் குட்டி பேட்டரி எந்த மூலைக்கு? அங்கேதான் இன்வெர்ட்டர். 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி என்றால் 1800 வாட் ஹவர், கழிவெல்லாம் போக 1100 தேறும். 95 வாட் கம்ப்யூட்டரோடு ஒரு ஃபேன், ஒரு லைட் ஓடினாலும் அஞ்சு மணி நேரம் தாங்கும். வாங்கினால் சைன் வேவ்தான், அதாவது லைன் கரண்ட் போலவே மென்மையான அலையாகத் தருவதைத்தான் வாங்குங்கள். சதுர அலையாகத் தரும் மலிவான ஸ்கொயர் வேவில் ஃபேன் உறுமும், ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ் சில சமயம் ஒத்துழைக்காது.

இதில் இரண்டு வம்பு உண்டு. கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் மாறும் நேரம் முதல் வம்பு. எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் உள்ளதை வைத்து ஏறத்தாழ 16 மில்லி விநாடி தம் பிடிக்கும். இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள ஸ்விட்ச் யுபிஎஸ் மோடில் இருந்தால் பத்து மில்லி விநாடி அளவில் மாறிவிடும், நார்மல் மோடில் அதைவிட இழுக்கும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். சரி, யுபிஎஸ் மோடிலேயே விட்டுவிடலாம் என்றால், லைன் வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கினாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவும், சாயங்காலம் லோ வோல்டேஜ் அடிக்கும் தெருவில் பேட்டரி சும்மாவே கரையும். இரண்டாவது வம்பு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 900 விஏ இன்வெர்ட்டர் 700 வாட்டை ஒட்டித்தான் தாங்கும். ஒருநாள் கரண்ட் போயிருந்த நேரத்தில் நான் ரெண்டரிங் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அம்மா இன்வெர்ட்டர் லைனில் இருந்த பிளக்கில் மிக்ஸியைப் போட்டுத் தேங்காய்ச் சட்னி அரைத்தார். மொத்த வீடும் இருட்டு. சட்னியும் பாதியில் நின்றது.

ஆன்லைன் யுபிஎஸ்ஸில் இந்த மாறும் நேரம் என்ற பேச்சே கிடையாது, கம்ப்யூட்டர் எப்போதும் அதற்குள்ளேயே இருக்கும் இன்வெர்ட்டர் வழியாகவே ஓடுகிறது. 1 கேவிஏ மாடல்கள் 800, 900 வாட் தருகின்றன, விஏவுக்கும் வாட்டுக்கும் இடைவெளி குறைவு. ஆனால் விலை அதிகம், ஃபேன் சத்தம் இரவில் தூங்கவிடாது, கரண்ட் இருக்கும்போதும் ஏசியை டிசியாக்கி மறுபடி ஏசியாக்கி என்று இருமுறை மாற்றுவதால் பில்லில் கொஞ்சம் ஏறும். சர்வர், லேப் கருவி வைத்திருப்பவர்களுக்குச் சரி, வீட்டில் ஒரு டெஸ்க்டாப்புக்கு இது வேண்டாத செலவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லேப்டாப்காரர்கள் இதையெல்லாம் படித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ரவுட்டருக்கு மட்டும் ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கினால் முடிந்தது.

நான் கடைசியில் சைன் வேவ் இன்வெர்ட்டர் லைனில் 1100 விஏ யுபிஎஸ்ஸை மாட்டி, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுத்திருக்கிறேன். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்ணிமைப்பு நேரத்தை யுபிஎஸ் தாங்கிக்கொள்கிறது, மீதி நேரத்தைப் பெரிய பேட்டரி பார்த்துக்கொள்கிறது. இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள், யுபிஎஸ் அந்தக் கரண்ட்டை நம்பாமல் தன் பேட்டரிக்கே போய்விடும். லேசர் பிரிண்டரை மட்டும் எதிலும் சேர்க்கவில்லை. அதன் ஹீட்டர் சூடேறும்போது பல நூறு வாட் சட்டென்று இழுக்கும், அது நேராகச் சுவர் பிளக்கில் இருக்கிறது, கரண்ட் வரும்வரை காத்திருக்கட்டும்.