ஸ்டீவன்ஸ் ஃபேவரிட்டுக்கு ஒரு எக்ஸ்ட்ராக்டர்: இரண்டு கடைகள், மூன்று பார்சல்கள்

நகத்தளவு இரும்புத் துண்டு ஒன்றுக்காக நான்கு மாதம் போய்விட்டது. ஸ்டீவன்ஸ் ஃபேவரிட் என்கிற பழைய .22 (சின்னத் தோட்டா போடும்) ரைஃபிளின் எக்ஸ்ட்ராக்டர்தான் அந்தத் துண்டு. சுட்டு முடித்த தோட்டாவின் காலிக் கூட்டை, அது உட்கார்ந்திருக்கும் அறையிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவருவதுதான் அதன் ஒரே வேலை. என் ரைஃபிளில் அதன் நுனி உடைந்திருந்தது, அதனால் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் வாய்ப்பக்கம் கம்பியை விட்டுக் கூட்டைக் குத்தித் தள்ள வேண்டியிருந்தது. நாலு தடவைக்கு மேல் யாருக்கும் இதில் பொறுமை இருக்காது. அமெரிக்காவில் பழைய துப்பாக்கிப் பாகங்களைத் தபாலில் விற்கும் இரண்டு கடைகளில் வாங்கிப் பார்த்தேன், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒன்றைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருப்பதால் இரண்டின் பெயரையும் சொல்லப் போவதில்லை.

முதலில் ரைஃபிள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிக்கபி ஃபால்ஸ் ஊரில் ஜே. ஸ்டீவன்ஸ் கம்பெனி செய்தது. கீழே இருக்கும் லீவரை முன்னால் தள்ளினால் அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் பிரீச் பிளாக் இறங்கும், ஒரு தோட்டாவைக் கையால் போட்டு லீவரை மூட வேண்டும், அவ்வளவுதான். பையன்களுக்கான ரைஃபிள் என்று மலிவாக விற்று, ஏராளமாகச் செய்து தள்ளினார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஃபேவரிட் என்பது ஒரே ரைஃபிள் இல்லை. 1894 மாடல் ஒன்று, 1915 மாடல் இன்னொன்று, பின்னதில் சட்டமும் (பேரல் என்கிற குழலைத் தாங்கும் ஃபிரேம்) பிரீச் பிளாக்கும் பெரியவை. 1894 மாடலிலேயே முந்தி வந்தவற்றில் எக்ஸ்ட்ராக்டர் அறையின் இடப்பக்கம் உட்காரும், பிந்தி வந்தவற்றில் நட்ட நடுவில் உட்காரும். இது போதாதென்று .22 தவிர .25 ஸ்டீவன்ஸ், .32 என்றும் செய்திருக்கிறார்கள். .22 தோட்டாவின் விளிம்பு 0.278 அங்குலம், .25 ஸ்டீவன்ஸுக்கு 0.333 அங்குலம். விளிம்பைப் பிடித்து இழுக்கும் பாகத்துக்கு இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

முதல் கடை பெரிய கடை. இணையதளத்தில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடம் இருக்கிறது, ஒவ்வொரு பாகத்துக்கும் எண் உண்டு, எண்ணைத் தட்டினால் கூடையில் விழுகிறது. அந்த வரைபடங்களுக்காகவே கடையைப் பாராட்டலாம், எந்த ஸ்பிரிங் எதற்குள் போகும் என்று தெரியாமல் ரைஃபிளைக் கழற்றிப் போட்டுவிட்டு முழித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய உதவி. ஆனால் பட்டியலில் இருந்தது 'ஃபேவரிட் எக்ஸ்ட்ராக்டர், .22' என்று மட்டும்தான். நடுவா பக்கமா என்று ஒரு வார்த்தை இல்லை, புகைப்படமும் இல்லை. 30 டாலர் சொச்சம் கொடுத்து வாங்கினேன், ஒரே வாரத்தில் வந்தது, பக்க எக்ஸ்ட்ராக்டர் வந்தது. என் பேரலில் எக்ஸ்ட்ராக்டர் உட்காரும் வெட்டு நடுவில் இருக்கிறது.

இதில் என் தப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை. பேரலில் கம்பெனிப் பெயர் 'ஆர்ம்ஸ் அண்ட் டூல் கம்பெனி' என்று அடித்திருந்தது. ஸ்டீவன்ஸுக்கு அந்தப் பெயர் 1886 முதல் 1916 வரைதான், அதற்குப் பிறகு 'ஸ்டீவன்ஸ் ஆர்ம்ஸ் கம்பெனி' ஆகிவிட்டது. (இடையில் நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸ் அந்தத் தொழிற்சாலையை வாங்கி ரஷ்ய ஜாருக்கு மோசின் நகாந்த் ரைஃபிள் செய்தது தனிக்கதை. 1920இல் சாவேஜ் என்ற துப்பாக்கிக் கம்பெனியின் கைக்கு வந்தது.) பெயரைப் பார்த்ததும் சரி, பழைய மாடல்தான் என்று வெட்டைப் பார்க்காமலே முடிவு கட்டிவிட்டேன். பெயர் பேரலின் வயதைத்தான் சொல்லும். ஃபேவரிட்டில் அடியில் இருக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் பேரல் கையோடு வந்துவிடும், நூறு வருஷத்தில் எந்தப் பேரல் எந்தச் சட்டத்தில் ஏறியதோ யார் கண்டது. என்னுடையதில் பேரல் எண் ஒன்று, சட்டத்தின் எண் வேறு. இதை வாங்கிய அன்றே பார்த்திருக்க வேண்டும்.

திருப்பி அனுப்பலாம் என்று கேட்டால், எடுத்துக்கொள்கிறோம், ஆனால் கட்டணம் பிடிப்போம் என்றார்கள். தபால் செலவும் என்னுடையது. கணக்குப் போட்டுப் பார்த்து, மேசை டிராயரிலேயே போட்டுவிட்டேன். பக்க எக்ஸ்ட்ராக்டர் தேவைப்படுகிறவர் யாராவது இருந்தால் இருக்கிறது.

அதே கடையில் இரண்டாவது பார்சல் என் நண்பருக்காக. அவரிடம் இருப்பது போல்ட் வகை ஒற்றைத் தோட்டா ரைஃபிள், மேலே 'ஜே. சி. ஹிகின்ஸ்' என்றும் 103 என்று தொடங்கும் ஒரு எண்ணும் இருந்தது, தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் தேய்ந்து போயிருந்தது. ஹிகின்ஸ் என்ற பெயரில் எந்தத் துப்பாக்கித் தொழிற்சாலையும் கிடையாது, அது சியர்ஸ் என்ற அமெரிக்கப் பெருங்கடைக்காரர்கள் தங்கள் விளையாட்டுப் பொருள்களுக்கு வைத்த பெயர், மற்ற கம்பெனிகளிடம் செய்து வாங்கித் தங்கள் பெயரை அடித்தார்கள். முன்னால் இருக்கும் எண்தான் யார் செய்தது என்று சொல்லும், 103 என்றால் மார்லின் கம்பெனி. கடையின் பெயர் ஒப்பீட்டுப் பட்டியலில் அந்த எண்ணைக் கொடுத்ததும் மார்லினின் சொந்த மாடலைக் காட்டியது, அதற்கான ஃபயரிங் பின்னை வாங்கினோம், போல்ட்டில் பொருந்திவிட்டது. ஆக, கடைப் பெயர் அடித்த இப்படிப்பட்ட ரைஃபிள்களுக்கு இந்தக் கடை பொன். ஃபேவரிட் மாதிரி பாதி வழியில் வடிவம் மாறிய ரைஃபிள்களுக்குத்தான் கவனம்.

வயதைக் கண்டுபிடிக்கும் விஷயத்தில் ரெமிங்டன் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1921 முதல் பேரலில் மாதத்துக்கும் வருஷத்துக்கும் எழுத்து அடித்திருக்கிறார்கள், 'பிளாக்பவுடர்' என்ற ஆங்கிலச் சொல்லின் 11 எழுத்துகளும் கடைசியில் ஒரு எக்ஸும் வரிசையாக 12 மாதங்கள். வின்செஸ்டர் 67 வைத்திருப்பவர்கள் பாவம், அமெரிக்காவில் விற்றதில் தொடர் எண்ணே கிடையாது. அங்கே 1968 துப்பாக்கிச் சட்டம் வரும் வரை மலிவு .22க்கு எண் அடித்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

மூன்றாவது பார்சல்தான் வேலை செய்தது. இரண்டாவது கடை என்றால் ஒரு பெரியவர், ஒரு தொலைபேசி, அப்புறம் டப்பா டப்பாவாகப் பழைய பாகங்கள். இணையதளம் பேருக்கு ஒரு பக்கம், கூடை கிடையாது, அட்டை வாங்க மாட்டார், காசோலை தபாலில் போக வேண்டும். போன் செய்து மாடல் பெயரைச் சொன்னதும், "பெயர் வேண்டாம் தம்பி, படம் அனுப்புங்கள்" என்கிற தொனியில்தான் பேசினார். மூன்று படம் கேட்டார்: பேரலின் பின்முகம், சட்டத்தின் உள்பக்கம், உடைந்த பாகம் அளவுகோல் பக்கத்தில். அதோடு வெர்னியரில் கனமும் அச்சுத் துளையின் விட்டமும். அனுப்பிய மறுநாளே நடு எக்ஸ்ட்ராக்டர், .22, என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

காசோலை போய், பாகம் வந்து சேர ஐந்து வாரம். அவசரக்காரர்களுக்கு ஆகாது. விலையும் முதல் கடையைவிட அதிகம், திருப்பி எடுக்கவும் மாட்டார். ஆனால் வந்தது புதிதாக வார்த்த நகல் இல்லை, பழைய ரைஃபிள் ஒன்றிலிருந்து கழற்றிய அசல், ஓரத்தில் லேசாகத் துருத் தழும்பு. உட்கார வைத்தேன், மிக மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு, லீவரைத் தள்ளியதும் காலிக் கூடு நழுவி வெளியே வந்தது. அன்று மாலை முழுக்க காலிக் கூட்டைப் போடுவதும் எடுப்பதுமாகவே இருந்தேன், வீட்டில் சிரித்தார்கள்.

நகல் வாங்கினால் மட்டும் ஒன்று கவனியுங்கள். கனமாகத்தான் வார்த்து அனுப்புவார்கள், அரத்தில் தேய்த்துப் பொருத்துவது நம் பொறுப்பு. எக்ஸ்ட்ராக்டர் என்றால் பரவாயில்லை, ஃபயரிங் பின் என்றால் நீளத்தில் விளையாட முடியாது. .22 தோட்டாவில் பின் அடிப்பது விளிம்பில். பின் நீளமாக இருந்து அறை காலியாக இருக்கும்போது விசையை அழுத்தினால் அது அறையின் ஓரத்திலேயே போய் இடிக்கும், அங்கே பள்ளம் விழுந்துவிட்டால் கூடு ஒட்டிக்கொள்ளும். பாகம் மாற்றப் போய் பேரலையே சரிசெய்ய வேண்டி வரும். கை வராது என்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது. இந்த வயதான ரைஃபிளில் அதிவேகத் தோட்டாவும் நான் போடுவதில்லை, சாதாரண வேகம்தான்.

பெரிய கடைக்கு ஐந்தில் மூன்று, அதில் ஒன்று வரைபடத்துக்கு மட்டுமே. பெரியவருக்கு நாலரை, அந்த அரையைக் காசோலைக்காகக் குறைத்தேன். அந்த உடைந்த துண்டை இன்னும் வைத்திருக்கிறேன், அடுத்த முறை அளவு கேட்டால் வேண்டுமே. பேரலின் அடி ஸ்க்ரூவும் அசல் இல்லை என்று இப்போதுதான் கவனித்தேன், யாரோ மரை பொருந்தாத ஒன்றை முறுக்கி ஏற்றி வைத்திருக்கிறார்கள். பெரியவருக்குப் படம் அனுப்பியாகிவிட்டது.