செரா, பா ஆ செர்: ஸ்பானிஷில் நாளையைப் பற்றிப் பேச எது வசதி?

ஸ்பானிஷில் 'இருக்கும்' என்று சொல்ல இரண்டு வழி உண்டு. வினையோடு விகுதி சேர்த்து ஒரே சொல்லாக 'செரா' என்பது ஒன்று. 'போ' என்ற வினையைத் துணைக்கு வைத்து 'பா ஆ செர்' என்பது இன்னொன்று. இலக்கணப் புத்தகங்கள் எதிர்காலம் என்று பெயர் சூட்டியிருப்பது முதலாவதுக்குத்தான். ஆனால் அன்றாடப் பேச்சில் அதிகம் புழங்குவது இரண்டாவது, அதிலும் லத்தீன் அமெரிக்காவில்.

படிக்கச் சுலபமும் அதுதான். 'போய், பாஸ், பா, பாமோஸ், பைஸ், பான்' தெரிந்தால் போதும், எந்த வினையையும் பின்னால் சேர்த்துவிடலாம். நான் பேசப்போகிறேன் என்றால் 'போய் ஆ அப்லார்'. நம்ம ஊர் 'போய்' மாதிரியே காதில் விழுவது தற்செயல்தான், ஆனால் மறக்காது.

செரா வகையிலும் ஆறே விகுதிதான், எல்லா வினைக்கும் பொது. லத்தீனில் வினைக்குப் பின்னால் தனியாக வந்த ஒரு துணைவினை தேய்ந்து ஒட்டிக்கொண்டதே இந்த விகுதிகள். படுத்துவது 12 வினைகளும் அவற்றின் கிளைகளும்: 'தெனெர்' என்பது 'தெந்த்ரா' ஆகும், 'சலீர்' என்பது 'சல்த்ரா' ஆகும். அழுத்தம் வேறு இருக்கிறது. கடைசி அசையை அழுத்தி 'அப்லரா' என்றால் பேசுவார். நடுவில் அழுத்தி 'அப்லார' என்றால் அது வேறு வினைவடிவம்.

மேகம் கறுப்பதைப் பார்த்ததும் வாயில் வருவது 'பா ஆ யோபெர்', மழை வரப்போகுது. வானிலை அறிக்கை 'யோபெரா' என்று எழுதும். பைபிளின் 'கொலை செய்யாதே' கட்டளையும் 'நோ மத்தராஸ்' என்று இந்த வடிவத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் செராவைத் தள்ளிவிடலாமா? கூடாது. பேச்சில் அதன் அசல் தொழில் ஊகம். மணி கேட்டால், கடிகாரம் பார்க்காமலே 'செரான் லாஸ் த்ரெஸ்' என்பார்கள்: மணி மூணு இருக்கும். நாளைக்கு அல்ல, இப்போது. சாவியைத் தேடுகிறவர் 'தோந்தே எஸ்தரான் லாஸ் யாபெஸ்' என்று முணுமுணுப்பார்: சாவி எங்கே இருக்கும்? இங்கே 'பான் ஆ எஸ்தார்' போட்டால் சாவி இனிமேல் எங்கே இருக்கப்போகிறது என்று ஆகிவிடும். கதவைத் தட்டியும் பதில் இல்லையா? 'அப்ரா சலீதோ', வெளியே போயிருப்பான். 'இருக்கும்', 'போயிருப்பான்' என்று தினமும் ஊகிக்கிற தமிழருக்கு இதைத் தனியாக விளக்கவே வேண்டாம். 'செரா ரீக்கோ, பெரோ நோ லோ பரேசே' என்பதில் கொஞ்சம் குத்தலும் சேரும்: பணக்காரராக இருக்கலாம், பார்த்தால் தெரியவில்லையே.

என்னைக் கேட்டால், திட்டங்களுக்குப் பா ஆ, ஊகத்துக்குச் செரா என்று பிரித்தே பழகுவது நல்லது. முடிவாகிவிட்ட சின்ன விஷயத்துக்கு இரண்டுமே தேவையில்லை. நாளைக்குக் கூப்பிடுறேன் என்று நாம் சொல்வது போல அவர்களும் நிகழ்காலத்திலேயே 'மன்யானா தே யாமோ' என்பார்கள்.

தமிழ் காலை வாரும் இடமும் ஒன்று உண்டு. 'அவர் வரும்போது சொல்கிறேன்' என்பதில் 'வரும்' இருக்கிறதே என்று 'குவாந்தோ யேகரா' போடத் தோன்றும். 'குவாந்தோ பா ஆ யேகார்' என்றாலும் சரிவராது. அங்கே வரவேண்டியது எதிர்காலமே இல்லாத 'குவாந்தோ யேகே'.